கொழும்பில் பழைய மோட்டார் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பைக் ஒன்றை வெள்ளவத்தையில் தேநீர்க் கடை முன்னால் நிறுத்தினால் போதும், யாராவது வந்து "இது எந்த வருசம்?" என்று தொடங்குவார். அப்புறம் விலை, பாகம், பத்திரம் என்று அதே வரிசையில் கேள்விகள் வரும். வட்ஸ்அப்பிலும் இதே கதைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் வைத்திருப்பவை ஒரு ஹொண்டா சீ.டி.125, ஒரு எம்.டி.90. பிரிட்டிஷ் பைக்குகளைப் பற்றிச் சொல்வது நண்பர்களின் கராஜில் கை அழுக்காக்கிக் கற்றது.

அண்ணா, பழைய பைக் ஒன்று எடுக்க ஆசை. முதல் பைக்காக எதை எடுக்கலாம்?

ஹொண்டாவில் தொடங்குங்கள். சீ.டி.125, எம்.டி.90, சீ.50, சீ.70, சீ.90 கப் வகைகள், இவற்றில் எது நல்ல பத்திரத்தோடு கிடைக்கிறதோ அது. எல்லாம் நான்கு வீச்சு எஞ்சின், காற்றாலேயே குளிர்பவை. அடிப்படை வேலைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு சாவிகள் (ஸ்பானர்கள்) போதும். பாகம் கொழும்பிலேயே கிடைக்கும், வேலை தெரிந்த பாஸ்மாரும் (மெக்கானிக்குகளும்) இருக்கிறார்கள்.

சீ.டி.125க்கு என் ஓட்டு கொஞ்சம் கூடுதலாக விழும். 124 சீ.சீ.யில் இரட்டை சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் ஒரே பொயின்ற் (பிளக்குக்கான மின்பொறியை நேரம் பார்த்து விடும் தொடுமுனை), ஒரே கொயில், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற ஒரே கார்பரேற்றரோடு வேலை முடிந்துவிடுகிறது. இரட்டை சிலிண்டரின் சத்தம் கிடைக்கும், ஒற்றை சிலிண்டரின் பராமரிப்புத்தான் இருக்கும்.

ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 சீ.சீ. வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. கப்பும் எம்.டி.யும் ஏ1க்குள் அடங்கும், சீ.டி.125 அடங்காது.

எம்.டி.90 என்பது என்ன பைக்? பார்க்கிற எல்லாமே சிவப்பாக இருக்கிறதே?

ஜப்பான் தபால்காரர்களுக்காக ஹொண்டா செய்த பைக் அது. 1971இல் தொடங்கியது. தபால் துறையின் நிறம் சிவப்பு என்பதால் வந்ததெல்லாம் சிவப்பு. அங்கே சேவை முடிந்தவை இங்கே இறங்கின. 1958இல் வந்த சூப்பர் கப்பின் வம்சம்தான் இதுவும். அந்தக் கப் 2017க்குள் உலகம் முழுவதும் 10 கோடியைத் தாண்டி உற்பத்தியானது. தபால் மூட்டையோடு வீட்டுக்கு வீடு நின்று நின்று போக வேண்டும் என்பதால் எம்.டி.க்குச் சக்கரம் 14 அங்குலம், முன்னால் பெரிய கரியர், மூன்று கெயார். கையில் பிடிக்கிற கிளச் கிடையாது.

வேகத்துக்கு இந்த பைக்கை எடுக்காதீர்கள். காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே போக இதைவிடச் சுகமானது இல்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அதுவரை எம்.டி.யைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர் அந்த மாதங்களில் "விற்கிறதா?" என்று கேட்டார்கள்.

விலை எவ்வளவு போகும்?

தொகை சொல்லமாட்டேன், எழுதி முடிப்பதற்குள் பழசாகிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இங்கிருந்த பழையவை எல்லாம் ஏறின. ஒன்றை மட்டும் சொல்லலாம்: ஒரே மொடல், ஒரே நிலை என்றாலும் பத்திரம் சுத்தமான பைக்குக்கும் பத்திரம் சிக்கலான பைக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு எஞ்சின் வேலைச் செலவைவிடப் பெரியது. அந்த வித்தியாசத்தைக் கொடுத்துச் சுத்தமானதை எடுங்கள்.

புத்தகம் இருக்கிறது, ஓபன் பேப்பர் என்கிறார். எடுக்கலாமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஓபன் பேப்பர் என்றால் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார், வாங்குபவரின் இடம் வெறுமையாக இருக்கும். அந்தப் பைக் நாலு கை மாறி உங்களிடம் வரும்போதும் புத்தகத்தில் அந்த முதல் ஆளின் பெயர்தான். நடுவில் இருந்த மூன்று பேரும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

ஓபன் பேப்பர் எல்லாமே களவு இல்லை. மாற்றுக் கட்டணத்துக்குச் சோம்பல்பட்டு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கையெழுத்து வைத்த ஆள் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம், கையெழுத்தே அவருடையது இல்லாமலும் இருக்கலாம். அதனால் காசு கொடுக்கும் முன் புத்தகத்தில் உள்ள ஆளோடு நேரில் அல்லது போனிலாவது பேசுங்கள். அவர் "ஆமாம், நான்தான் விற்றேன்" என்று சொன்னால் பாதிப் பயம் போகும். விற்பவர் "அவரைத் தொடர்புகொள்ள முடியாது, ஆனால் பிரச்சினை வராது" என்றால் பைக் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மீதிப் பயத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் அந்த வாகனத்தின் பதிவு விபரத்தைப் பெறலாம். அதில் யார் பெயரில் இருக்கிறது, லீசிங் கம்பனியின் உரிமை இன்னும் எழுதப்பட்டிருக்கிறதா, எஞ்சின் இலக்கம், செசி (பைக்கின் சட்டம்) இலக்கம், நிறம் எல்லாம் வரும். வாங்கியதும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். விற்கிறவருக்கும் இதில் நன்மை இருக்கிறது: பெயர் மாறாத வரை அந்தப் பைக் செய்கிற எல்லாவற்றுக்கும் பொலிஸ் முதலில் தேடி வருவது அவரைத்தான்.

எஞ்சின் நம்பர், செசி நம்பர் எங்கே இருக்கும்? எப்படிப் பார்ப்பது?

பழைய ஹொண்டாக்களில் செசி இலக்கம் மொடலைப் பொறுத்து ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியிலோ சட்டத்தின் பக்கவாட்டிலோ அடித்திருக்கும். எஞ்சின் இலக்கம் எஞ்சின் உடலின் கீழ்ப்பகுதியில். ஹொண்டா இலக்கத்தின் முன்பகுதியிலேயே மொடல் பெயர் வரும். எம்.டி.90 என்று விற்கிற பைக்கின் செசி வேறு மொடலின் பெயரோடு தொடங்கினால் மேலே பேச வேண்டியதில்லை.

ஒரு துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைத்துவிட்டு, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தொழிற்சாலையில் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்திலும் ஒரே இடைவெளியிலும் இருக்கும். பின்னால் சுத்தியலால் அடித்தவற்றில் ஓர் எழுத்து சரிந்து நிற்கும், ஒன்று மற்றதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். சுற்றியுள்ள இரும்பில் அரத்தால் தேய்த்த கோடு இருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

எஞ்சின் மாற்றியிருந்தால் அது பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத எஞ்சினைச் சில வேளை நேராக்கலாம், இலக்கம் வெட்டிய செசியை நேராக்க முடியாது. அது பைக் இல்லை, வழக்கு.

ஸ்ரீ நம்பர் என்றால் மதிப்புக் கூடவாமே?

ஆசைக்காரர்களிடம் கூடும். தகட்டைப் பார்த்தே பதிவான காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம் என்பதுதான் காரணம். மிகப் பழையவற்றில் ஆங்கில எழுத்துகள், 1950களின் பிற்பாதியிலிருந்து ஸ்ரீ எழுத்து, அதற்குப் பிறகு இலக்கங்கள் மட்டும், 2000க்குப் பிறகு மறுபடி ஆங்கில எழுத்துகள். ஜப்பான் பைக் ஒன்று ஸ்ரீ தகட்டோடு நின்றால் அது புதிதாகவே இங்கே வந்து ஓடிய பைக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம்மவர்களுக்கு இந்த எழுத்து வேறு ஒன்றையும் நினைவுபடுத்தும். சிங்கள ஸ்ரீயை வாகனங்களில் கட்டாயமாக்கியபோது வடக்கிலும் கிழக்கிலும் அதற்குத் தார் பூசிப் போராடினார்கள், 1958இல் தலைவர்கள் சிறைக்கும் போனார்கள். பேரன்மார் அதே தகட்டுக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் பொலிஷ் போடுகிறார்கள். நானும் அந்தப் பேரன்மாரில் ஒருவன்தான்.

சாமான் எங்கே கிடைக்கும்? பஞ்சிகாவத்தையில் ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?

பஞ்சிகாவத்தைதான். மருதானைப் பக்கம் போய் யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். போல்ட், நட், வொஷர், பெயரிங், ரப்பர், வயர் போன்ற பொதுச் சாமான்களுக்குப் பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் மலிவு.

ஏமாற்றுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது நியாயமில்லை. வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் தருவார். எனவே பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். போட்டோ போதாது. கிளச் பிளேட்டில் பல் எண்ணிக்கை, ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டைகளுக்கு இடையிலான தூரம், கேபிளின் நீளம், இவையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிஸ்டன், ரிங், வால்வ், பொயின்ற் ஆகிய நாலிலும் ஒரிஜினல் அல்லது நல்ல ஜப்பான் சாமான் தேடுங்கள். கண்ணாடி, சிக்னல், பிடி ரப்பர் போன்றவை கொப்பியாக இருந்தாலும் உலகம் அழியாது.

சனிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். கிழமை நாளில் காலையில் போனால் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். பழைய சாமான் பேச்சில்தான் வெளியே வரும். முன் ரக்கையில் இருக்காது, உள்ளே எங்கோ தகரப் பெட்டியில் இருக்கும்.

ஸ்குரூ கழற்றப் போனால் தலை தேய்ந்துபோகிறது. எல்லா ஜப்பான் பைக்கும் இப்படியா?

தவறு ஸ்குரூவில் இல்லை, உங்கள் ஸ்குரூ டிரைவரில். பழைய ஜப்பான் பைக்குகளில் இருக்கிற கூட்டல் வடிவத் தலை பார்க்க பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தரம். பிலிப்ஸ் டிரைவரின் முனை அதற்குள் அடிவரை இறங்காது. பலம் கொடுத்ததும் வெளியே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சில ஸ்குரூக்களின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அது ஜே.ஐ.எஸ். என்பதற்கு அடையாளம்.

ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்று வாங்குங்கள், விலை பெரிதில்லை. இறுகிப்போன எஞ்சின் கவர் ஸ்குரூக்களுக்குச் சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் வேண்டும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அலன் தலை (ஆறு மூலைக் குழியுள்ள) ஸ்குரூ போடுவோர் உண்டு. நான் ஒரிஜினலையே போடுகிறேன். அது என் பிடிவாதம், விதியில்லை.

காலையில் ஸ்டார்ட் வராது. வந்தாலும் சொக்கை எடுத்தால் நின்றுவிடும். கராஜில் எஞ்சின் பிரிக்கச் சொல்கிறார்கள்.

பிரிக்காதீர்கள். நீங்கள் சொல்வது அநேகமாகக் கார்பரேற்றரில் பெற்றோல் வரும் சின்னத் துளைக்குழாயான ஐட்லிங் ஜெட்டின் அடைப்பு. சொக் காற்றைக் குறைத்துப் பெற்றோலின் பங்கைக் கூட்டும். அதைப் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் எஞ்சினுக்குப் பெற்றோல் குறைவாகப் போகிறது. ஐட்லிங் ஜெட்டின் ஓட்டை தலைமுடி நுழைகிற அளவுதான். சில மாதம் நின்ற பைக்கில் பெற்றோல் ஆவியாகி மிஞ்சுகிற பிசின் அதை மூடிவிடும். கீழ்க் கோப்பையைக் கழற்றி (மேலே சொன்ன டிரைவரால்), ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். கார்பரேற்றர் கிளீனரும் காற்றும் போதும். கம்பியால் குத்தினால் ஓட்டை பெருத்துவிடும். டாங்க் குழாயில் இருக்கும் வலையையும் சேர்த்துக் கழுவுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் பொயின்ற். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை. முகம் கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு, பிறகு பெற்றோல் தொட்ட கடதாசியால் துடைப்பு. பழைய 6 வோல்ற் பைக் என்றால் பற்றரியின் ஏர்த் வயரையும் பாருங்கள். 6 வோல்ற்றில் கொஞ்சத் துருவே பொறியைத் தின்றுவிடும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் எஞ்சின் பேச்சு.

சரி, அப்போ எப்பதான் எஞ்சினைப் பிரிக்க வேண்டும்?

புகையும் அமுக்கமும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், கொம்ப்ரஷன்) சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வ் சீல். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் நீலப் புகை, ஒயிலும் குறைகிறது என்றால் ரிங் அல்லது சிலிண்டர். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகம், மறுபடி கார்பரேற்றரிடம் போங்கள். அமுக்கம் குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

பிரித்தால் லேத்துக்குக் கொடுக்கும் முன் பிஸ்டனை வாங்குங்கள். ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெருப்பிப்பது, 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகத்தான் போகும். சிலிண்டரை 0.50க்கு வெட்டிவிட்டு அந்த அளவு பிஸ்டன் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டனைக் கையில் கொடுத்து "இதற்கு ஏற்ற மாதிரி" என்று சொல்லுங்கள். 1.00 முடிந்துவிட்டால் புதுச் சிலீவ் (சிலிண்டரின் உள் உறை) அடிக்க வேண்டும், அது வேறு செலவு.

கார் ஒயில் நல்லது, மலிவும்கூட. ஊற்றலாமா?

வேண்டாம். இந்தப் பைக்குகளில் கிளச் அதே ஒயிலில்தான் குளிக்கிறது. புதிய கார் ஒயில்கள் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்ப்பார்கள், கிளச் வழுக்கத் தொடங்கும். போத்தலில் ஜாசோ எம்.ஏ. (மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பான் தரம்) என்று இருப்பதை வாங்குங்கள்.

92 போடுவதா 95 போடுவதா? பழைய எஞ்சினுக்கு ஈயம் கலந்த பெற்றோல்தான் வேண்டுமாமே?

92 போதும். ஒக்டேன் கூடினால் பலம் கூடும் என்பது தவறு. அமுக்க விகிதம் கூடிய எஞ்சின் முன்கூட்டியே வெடிக்காமல் இருக்கத்தான் 95. உங்கள் கப்புக்கு அது வீண் செலவு. ஏற்றத்தில் இழுக்கும்போது எஞ்சினுக்குள் மணி தட்டுகிற சத்தம் கேட்டால் மட்டும் யோசியுங்கள், அதுவும் முதலில் இக்னிஷன் டைமிங்கை (பிளக்கில் பொறி வரும் நேரத்தை) பார்த்துவிட்டு.

ஈயம் இலங்கையில் 2002இல் நின்றுவிட்டது. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலில் 1975இலேயே நிறுத்திவிட்டார்கள். அலுமினியத் தலையில் கடினமான வால்வ் சீற் பதித்த ஜப்பான் எஞ்சின்களுக்கு அதனால் கெடுதி இல்லை. வார்ப்பிரும்புத் தலை கொண்ட பிரிட்டிஷ் பைக்குகளை மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓட்டினால்தான் சீற் தேய்மானம் பற்றிக் கவலை வரும். கொழும்பு நெரிசலில் யாருக்கு அந்த வாய்ப்பு?

வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. துரு பிடித்தே சாகிறது. மூடி வைத்தால் போதாதா?

பிளாஸ்டிக் உறையால் மூடுவதுதான் சாகடிக்கிறது. உப்புக் காற்று உள்ளே போகும், ஈரம் வெளியே வராது. மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் துணி உறை போடுங்கள், கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, பத்து நிமிடமாவது ஓட்டிக் காய வையுங்கள். குரோம் பூசிய இடங்களுக்கும் ஸ்போக்குக்கும் மெல்லிய ஒயில் துணி. ஸ்போக் நிப்பிளில் வெள்ளைப் பொடி பூத்தால் துத்தநாகப் பூச்சு கரைகிறது என்று அர்த்தம், அடுத்தது துருதான்.

டாங்கின் உட்பக்கம்தான் பெரிய தலைவலி. பாதி டாங்க் பெற்றோலோடு நிறுத்தினால் மேல் பாதி வியர்த்துத் துருவாகும். நிறைத்து வையுங்கள், அல்லது முழுதாக வடித்துவிடுங்கள். ஏற்கனவே துரு என்றால் சிற்றிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஓர் இரவு விட்டு, அடுத்த நாள் பேக்கிங் சோடாத் தண்ணீரால் அலசி, உடனே காய வைத்து, கொஞ்சம் ஒயிலோடு பெற்றோல் கலந்து குலுக்கி விடுங்கள். "உடனே" என்பதைக் கவனியுங்கள். கழுவிய வெறும் இரும்பு இந்த ஊர்க் காற்றில் அன்று மாலையே செம்மஞ்சளாகிவிடும்.

பெயின்ட் அடிக்கப் போகிறேன். சிவப்பு எம்.டி.யைக் கறுப்பாக்கி, சைலன்சரும் மாற்றினால் என்ன?

நிறம் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மாற்றினால் திணைக்களத்துக்கு அறிவித்து மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் பொலிஸ் மறிக்கும்போது ஒரு கதை, விற்கும்போது இன்னொரு கதை. சத்தச் சைலன்சர், கூடுதல் விளக்குகள் விடயத்தில் 2025 ஜனவரியிலிருந்து பொலிஸார் வீதியில் வைத்தே கழற்றச் சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

அதைவிட எனக்கு ஒரு சொந்தக் கருத்து உண்டு. பெயின்ட் கடைசி வேலை. பத்திரம், பிரேக், வயரிங், எஞ்சின் எல்லாம் முடிந்து ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு பெயின்ட் அடியுங்கள். முதலில் பெயின்ட் அடித்துவிட்டு எஞ்சினை இறக்கியவர்களின் டாங்க்குகளில் சாவி விழுந்த தழும்பு இருக்கும். பழைய பெயின்ட் ஓரளவாவது மிஞ்சியிருந்தால் அடிக்கவே வேண்டாம். மெழுகு தேய்த்து அப்படியே விடுங்கள். புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், தொழிற்சாலைப் பெயின்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எனக்கு பி.எஸ்.ஏ.தான் வேண்டும். ஹொண்டாவெல்லாம் பைக்கா?

சரி, கோபித்துக்கொள்ளவில்லை. பி.எஸ்.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் கம்பனியின் பைக்குகளில் இங்கே அதிகம் கேள்விப்படுபவை இரண்டு. ஒன்று பாண்டம், 1948இல் 123 சீ.சீ. இரண்டு வீச்சு எஞ்சினோடு வந்து, பிறகு 148, 175 என்று வளர்ந்து 1971 வரை ஓடியது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125இன் வரைபடம் போர் இழப்பீடாக பிரிட்டனுக்குப் போனதில் பிறந்தது அது. மற்றது எம்.20, 496 சீ.சீ. சைட் வால்வ், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவம் இலட்சத்துக்கு மேல் வாங்கிய பைக். அமுக்க விகிதம் 5க்கு 1 அளவுதான் என்பதால் எந்தப் பெற்றோலும் குடிக்கும், மெதுவாகத்தான் போகும், எளிதில் நிற்காது.

வாங்கும் முன் மூன்று விடயம். சாவிகள் மில்லிமீற்றரும் இல்லை, சாதாரண அங்குலமும் இல்லை, விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியைப் போட்டால் நட் மூலை உருண்டுவிடும். அடுத்தது, பல பிரிட்டிஷ் பைக்குகளில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் ஏர்த். பழக்கதோசத்தில் மாற்றிப் பூட்டினால் புகை வரும். மூன்றாவது, பழைய பிரிட்டிஷ் பைக்கில் கெயார் வலது காலில், பின் பிரேக் இடது காலில். மருதானைச் சந்தியில் திடீரென ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே வரும்போது உங்கள் கால் பழைய பழக்கப்படிதான் மிதிக்கும். காலியான இடத்தில் நன்றாகப் பழகிவிட்டு வீதிக்கு வாருங்கள்.

யாழ்ப்பாணம் வரை ஓட்டிக்கொண்டு போக முடியுமா? நுவரெலியா?

முடியும். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அதனால் பழைய வீதிதான், அதுவே நல்லது. யாழ்ப்பாணத்துக்கு நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி என்று போகலாம், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். மதவாச்சியில் மன்னார்ப் பக்கம் திரும்பி ஏ32 வழியாகப் பூநகரி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் என்று போவது இன்னும் அழகு. அந்தப் பாதையில் எரிபொருள் நிலையங்கள் தூரத் தூரம், கப்பின் டாங்க் சின்னது, எதிர்காற்று வேறு. மன்னாரில் நிறைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் அடித்துப் பிடித்துப் போகாமல் அநுராதபுரத்தில் தங்குங்கள், எஞ்சினும் முதுகும் நன்றி சொல்லும்.

நுவரெலியாவுக்கு அவிசாவளையிலிருந்து கித்துல்கல, ஹற்றன் வழி. ஏறும்போது சக்தி குறைவது நோயல்ல, 1,800 மீற்றருக்கு மேல் காற்று மெலிது, கார்பரேற்றர் அதற்குத் தானாக ஒத்துப்போகாது. திருகாதீர்கள், இறங்கினால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் கவனம். டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கெயாரில் எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். கையோடு ஒரு பிளக், ஒரு கிளச் கேபிள், செயின் லொக், டியூப், கட்டுக்கம்பி. கட்டுக்கம்பியை மறக்கவே கூடாது.

மழை வெள்ளத்தில் சைலன்சருக்கு மேலே தண்ணீர் போய்விட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கிக்கைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனோடு பூட்டியிருக்கும் கனெக்டிங் ரொட்தான் வளையும். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் வடித்துப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மலிவான புது ஒயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, திரும்ப வடித்து, பிறகு நல்ல ஒயில். கார்பரேற்றர், காற்று வடிகட்டி, டிரம் பிரேக் எல்லாம் திறந்து உலர்த்த வேண்டும். டாங்க் மூடி வழியே தண்ணீர் போயிருந்தால் மேலே துருவுக்குச் சொன்ன வேலையும் சேரும்.

அப்பாவின் சீ.டி.125 கொட்டாஞ்சேனை வீட்டில் பல வருடமாக நிற்கிறது. புத்தகம் தொலைந்துவிட்டது, அப்பாவும் இல்லை. திரும்ப ஓட்ட முடியுமா?

இது கேட்காத மாதமில்லை. முடியும், ஆனால் பைக்கைத் தொடும் முன் பத்திர வேலை. செசி, எஞ்சின் இலக்கங்களை மேலே சொன்னபடி எடுத்து, திணைக்களத்தில் பதிவு விபரத்தைப் பெற்று, அப்பாவின் பெயரில்தான் இருக்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். அந்தக் காலத்தில் அவரும் ஓபன் பேப்பரில் வாங்கியிருந்தால் இதைவிட நீண்ட கதை, சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். அவர் பெயரில் இருந்தால், புத்தகம் தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு, மரணச் சான்றிதழ், நீங்கள் பிள்ளை என்பதற்கான பத்திரம், அம்மா மற்றும் சகோதரர்களின் சம்மதம், இவற்றோடு போய் வாரிசு மாற்றத்துக்கு என்னென்ன படிவம் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளின் சம்மதம்தான் அதிகம் இழுபடும், அதை இன்றே தொடங்குங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தின் நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு வையுங்கள். பிறகு காப்புறுதியும் புகைச் சான்றிதழும்.

அது நடக்கிற மாதங்களில் பைக்கைச் சும்மா விட வேண்டியதில்லை. இரண்டு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஒயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு நாலாம் கெயாரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் எஞ்சின் பிடிக்கவில்லை. அசையாவிட்டால் பலம் கொடுக்காதீர்கள், இன்னும் ஒயில் விட்டு இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். பழைய பெற்றோலை வடித்துவிடுங்கள், டயர்களைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று சீற்றுக்குக் கீழே பாருங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய பைகளில் போடுங்கள். அப்பா வைத்திருந்த பழைய சாவிப் பெட்டி வீட்டில் எங்காவது இருந்தால் தேடுங்கள், மேலே சொன்ன ஜே.ஐ.எஸ். டிரைவர் அதற்குள்ளேயே கிடைக்கலாம்.